திட்ட நோட்டு பாதியில் நிற்பது ஏன்? கடற்கரையில் கூடைப்பந்து அணி வளர்க்கப் புதிதாக வருபவர்களுக்கு

ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் ஊர்ப் பக்கத்தில் புதிதாகக் கூடைப்பந்து அணி ஆரம்பித்திருக்கும் ஒரு தம்பி, தன் திட்ட நோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். பதினெட்டுப் பையன்கள், ஆளுக்கு ஒரு பக்கம். கையெழுத்து அச்சடித்த மாதிரி. எல்லாப் பக்கத்திலும் டிரிபிளிங், ஷூட்டிங், டிஃபன்ஸ், ஸ்டாமினா என்று ஆறேழு வரி. அடியில் சிவப்பு மையில் ‘தினமும் 100 ஷாட்’. மேலே இருக்கும் பேரை மறைத்துவிட்டால் எது எந்தப் பையனுடைய பக்கம் என்று அவராலேயே சொல்ல முடியாது.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் முதன்முதலில் எழுதிய நோட்டும் இப்படித்தான் இருந்தது. மே மாதம் எழுதினேன். ஆகஸ்டில் அது எந்த மூலையில் கிடந்தது என்றுகூடத் தெரியாது. அந்தத் தம்பிக்கு எழுதிய பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துத் தருகிறேன். என் அனுபவத்தில், வீரர் வளர்ச்சித் திட்டங்களில் பாதிக்கு மேல் எழுதுகிற அன்றே கெட்டுவிடுகின்றன. பையனுக்கு எத்தனை நாள் இருக்கிறது, எத்தனை நிமிடம் ஆடக் கிடைக்கும் என்று எண்ணிப் பார்க்காமல் எழுதுகிறோம். ஆகவே எண்ணுவதிலிருந்தே ஆரம்பிப்போம்.

முதலில் காலண்டரை எடுங்கள்

என் முதல் நோட்டை ஒரு பையனின் அப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன். தங்கச்சிமடம் கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைக் கீழே வைக்காமலே ஒரு பார்வை பார்த்தார். “ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணின்னு போட்டிருக்கீங்களே சார், அன்னைக்குத்தானே போட்டு கரைக்கு வரும்? மீனை யாரு பிரிக்கிறது?”

இந்தப் பக்கம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கிளம்பும்; மறுநாள் காலை கரை திரும்பும். செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் வீட்டில் பையனுக்கு வேலை இருக்கும் என்று அர்த்தம். நான் சரியாக அந்த மூன்று காலைகளையும் பயிற்சிக்கு ஒதுக்கியிருந்தேன். பையன்கள் வராதபோது ‘ஒழுக்கம் இல்லை’ என்று நோட்டில் வேறு எழுதி வைத்தேன்.

எனவே முதல் பக்கத்தில் கூடைப்பந்து பற்றி எதுவும் வேண்டாம். பையனை உட்கார வைத்து அவனுடைய வாரத்தைக் கேளுங்கள். டியூஷன் எப்போது, கரையில் வேலை எப்போது, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான், அம்மா கடல்பாசி எடுக்கப் போகிற நாளில் தம்பி தங்கையைப் பார்ப்பது யார். பதில் வந்தபின் மிச்சமிருக்கிற நேரம்தான் உங்கள் திட்டத்தின் நீளம். வாரத்துக்கு மூன்றரை மணி நேரம் என்றால் மூன்றரைக்கு எழுதுங்கள்.

அப்புறம் வருடத்தைப் பாருங்கள். நம் கடற்கரையில் இதுதான் பெரிய பள்ளம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதோடு பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். படகுகள் கரையில் நிற்கும், பையன்கள் சும்மா இருப்பார்கள், கோர்ட்டில் கூட்டம் அலைமோதும். புதிதாக வருகிற பயிற்சியாளருக்குக் கை பரபரக்கும். காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் என்று ஓட்டுவார். நானும் ஓட்டினேன். ஜூன் நடுவில் கடலும் திறக்கும், பள்ளியும் திறந்திருக்கும். தினம் நான்கு மணி நேரம் ஆடியவன் வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் பெரிய விஷயம். ஒரு மாதம் போனதும் பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டி நெருங்குகிறது என்று மறுபடி அவனைப் போட்டு அடிப்போம்.

உடம்பு இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்காது. அதிலும் பதினொன்று முதல் பதினைந்து வயதுப் பையன்களுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே, கெண்டைக்கால் எலும்பின் மேல்முனையில், தொட்டாலே வலிக்கும் ஒரு மேடு தட்டும். டாக்டர்கள் ‘ஆஸ்குட்-ஷ்லாட்டர்’ என்பார்கள். எலும்பு வேகமாக வளர்கிற வயதில், குதித்துக் குதித்துத் தசைநார் அந்த இடத்தை இழுப்பதால் வருவது. சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு ஆடுகிற இடத்தில் இதைப் பார்க்காமல் தப்ப முடியாது. ‘வளர்ற வலிதான், ஓடுனா சரியாயிடும்’ என்று சொல்லிவிடாதீர்கள். ஓடும்போது பையன் நொண்ட ஆரம்பித்தால் குதிக்கும் வேலையை அன்றே நிறுத்திவிட்டு, நின்ற இடத்தில் பாஸ், ஃப்ரீ த்ரோ என்று கொடுங்கள். வலி நீடித்தால் டாக்டரிடம் அனுப்புங்கள்.

தடைக்காலத்துக்கு இப்போது நான் எழுதுவது இதுதான்: முதல் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு மணி நேரம். அதற்கடுத்து வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டி, அதிகபட்சம் ஐந்து நாள், ஒன்றரை மணி நேரம். ஜூன் முதல் வாரத்திலேயே குறைக்கத் தொடங்கி, பள்ளிக் காலத்தில் என்ன முடியுமோ அந்த அளவுக்குக் கொண்டுவந்து விடுவது. பையன்கள் ‘இவ்வளவுதானா மாஸ்டர்?’ என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

வாடைக் காலத்தையும் விட்டுவிடாதீர்கள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கோர்ட்டில் ஈர மணல் படிந்தால் கணுக்கால் போய்விடும். அந்த நாட்களுக்கென்று ஒரு பள்ளி வராந்தாவில் செய்யக்கூடிய பந்துக் கட்டுப்பாட்டுப் பயிற்சியைத் தனியாக எழுதி வையுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் என்றால் நோன்பு மாதமும் காலண்டரில் ஏற வேண்டும்; அது வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும், போன வருடத் தேதியை அப்படியே எழுதிவிடாதீர்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன். கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது என்பதற்காகத் தினமும் மணலில் ஓட விடுவதைப் பயிற்சி என்று நினைக்காதீர்கள். எப்போதாவது ஓடலாம். தினமும் ஓடினால் கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் இறுகிப்போகும், கோர்ட்டில் சட்டென்று நின்று திரும்பும் கால் வேலையோ வந்த பாடிருக்காது.

‘100 ஷாட்’ கணக்கு

இருபது பையன்கள் என்று வைத்துக்கொள்வோம், இரண்டு ரிங், நான்கு பந்து. ஒரு ரிங்கில் ஆறு வினாடிக்கு ஒரு ஷாட் என்றால் நிமிடத்துக்குப் பத்து. இரண்டு ரிங்குக்கும் சேர்த்து இருபது. ஆளுக்கு நிமிடத்துக்கு ஒன்று. நூறு ஷாட் எறிய நூறு நிமிடம் ஆகும், அதுவும் வேறு எந்தப் பயிற்சியும் இல்லாமல். இதைக் கூட்டிப் பார்த்த அன்று அந்தத் தம்பி நீண்ட நேரம் பதில் அனுப்பவில்லை. சரி, பதினைந்து நிமிடம்தான் ஷூட்டிங்குக்கு முடியும் என்றால் ‘15 ஷாட், ரிங்குக்குப் பக்கத்திலிருந்து, ஒரே இடத்திலிருந்து’ என்று எழுதுங்கள். எழுதியதைச் செய்ய முடிந்தால்தான் பையன் அடுத்த பக்கத்தையும் நம்புவான்.

ஒரு பையனுக்கு ஒரே ஒரு வேலை

ஒரு பருவத்துக்கு ஒன்று போதும். எது என்று முடிவு செய்வதற்கு முன் மூன்று ஆட்டங்களில் அவனைப் பாருங்கள், அப்புறம் அவனிடமே கேளுங்கள். ‘இடது கையில் லே-அப் (ஓடிவந்து ரிங்குக்குப் பக்கத்தில் குதித்துப் பந்தைப் போடுவது) போட வராது, அதனால் எப்போதும் வலது பக்கமே போகிறேன்’ என்று பையன் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதில் நான் செய்த தப்பு ஒன்று இன்னும் உறுத்துகிறது. நன்றாக எறிகிற ஒரு பையன். எறியும்போது இடது கைக் கட்டைவிரலும் பந்தைத் தள்ளும். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் பந்து விழும். நான் செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு அந்தக் கையை மாற்றினேன். முழங்கையை உள்ளே கொண்டுவரச் சொன்னேன், கால் இடைவெளியையும் மாற்றினேன். எல்லாம் ஒரே வாரத்தில். இரண்டு மாதம் கழித்து அவன் ஆட்டத்தில் எறிவதையே விட்டுவிட்டான்; பந்து கைக்கு வந்தால் சூடு பட்டது போல அடுத்தவனுக்குத் தள்ளிவிடுவான். அப்போதும் நான் கேட்கவில்லை. அவனாகவே ஒரு நாள், “தோள் வலிக்குது மாஸ்டர், ஐஸ் பெட்டி தூக்குனதுல இருந்து” என்றான். நான் திருத்திக்கொண்டிருந்த முழங்கை, வலியால் வெளியே போன முழங்கை.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் 2017ஆம் ஆண்டு வீரர் தேர்வில் முதல் ஆளாக மார்கெல் ஃபுல்ட்ஸை ஃபிலடெல்ஃபியா அணி எடுத்தது. கல்லூரியில் மூன்று புள்ளி எறிதலில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போட்டவர். அந்தக் கோடையிலேயே அவர் எறியும் விதம் மாறிப்போனது. தோள் வலி என்றார்கள், யாரோ மாற்றிவிட்டார்கள் என்றார்கள், மனப்பிரச்சினை என்றார்கள். முதல் பருவத்தில் 14 ஆட்டம்தான் ஆடினார். 2018 டிசம்பரில்தான், கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் நரம்பு நெரிபடுகிற ‘தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்’ என்று கண்டுபிடித்தார்கள். இரண்டு மாதத்தில் ஆர்லாண்டோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தனை பணமும் டாக்டர்களும் இருக்கிற இடத்திலேயே காரணம் தெரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

எறிதலைத் தொடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. காவாய் லெனார்ட் 2011இல் 15ஆவது ஆளாகத் தேர்வாகி சான் அன்டோனியோவுக்கு வந்தபோது, கல்லூரியில் மூன்று புள்ளி எறிதலில் நூற்றுக்கு முப்பதைத் தொடாதவர். அந்த அணியின் ஷூட்டிங் பயிற்சியாளர் சிப் எங்கலண்ட் அவரோடு உட்கார்ந்தார். எறிதலை முழுதாகக் கலைத்துப் போடவில்லை, ஒரு சின்ன இடத்தைத்தான் திருத்தினார்கள். முதல் பருவத்திலேயே நூற்றுக்கு 37க்கு மேல் வந்துவிட்டது. என் அணிப் பையனுக்கு நான் செய்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ‘எங்கேயாவது வலிக்கிறதா?’ என்று தனியாகக் கேளுங்கள், மற்றப் பையன்கள் முன்னால் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் வரும். அப்புறம் ஒரே ஒரு திருத்தம். அது உடம்பில் ஏறுகிற வரைக்கும் அடுத்ததைத் தொடாதீர்கள். விழுகிற பந்தை, பார்க்க அழகாக இல்லை என்பதற்காக மட்டும் திருத்த வேண்டாம்.

200 நிமிடம்

நோட்டின் நடுப்பக்கத்தில் இந்த எண்ணைப் பெரிதாக எழுதி வட்டம் போடுங்கள். நான்கு பத்து நிமிட ஆட்டத்தில் களத்தில் ஐந்து பேர்; மொத்தம் 200 ஆட்ட நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட யாரும் தரமாட்டார்கள்.

முக்கியமான ஐந்து பேருக்கு ஆளுக்கு 28 நிமிடம் கொடுத்தால் 140 போய்விட்டது. மீதி 60. பெஞ்சில் ஏழு பேர். அதில் நான்கு பேரிடம் ‘இந்த வருடம் உனக்கு நிறைய சான்ஸ்’ என்று சொல்லி 15 நிமிடம் மனதில் வைத்திருந்தால், மற்ற மூன்று பேருக்குச் சுழியம். அந்த மூன்று பேருக்கும் நீங்கள் திட்டம் எழுதியிருப்பீர்கள். மாலை மாலை வந்து டிஃபன்ஸ் பழகுவார்கள், ஆட்டத்தில் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பார்கள், தீபாவளிக்கு அப்புறம் வரமாட்டார்கள். பிறகு ‘அவனுக்கு ஆர்வம் இல்லை’ என்போம்.

கோல்டன் ஸ்டேட் அணி 2020இல் இரண்டாவது ஆளாக ஜேம்ஸ் வைஸ்மேனை எடுத்தது. ஏழடி உயரம், கல்லூரியில் வெறும் மூன்று ஆட்டம் ஆடியவர். அவருக்குத் தேவைப்பட்டது தப்புச் செய்து பழக நிறைய நேரம். ஆனால் அந்த அணியில் கோப்பையை வெல்லக்கூடிய மூத்த ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஒரே சமயத்தில் வெல்லவும் வேண்டும், இளையவர்களை வளர்க்கவும் வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். முதல் பருவம் 39 ஆட்டத்தோடு முழங்கால் காயத்தில் முடிந்தது. அடுத்த பருவம் முழுதும் ஆடவில்லை. அந்த 2022இல்தான் அணி கோப்பையை வென்றது. 2023 பிப்ரவரியில் அவரை டெட்ராய்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். காயம் பெரிய காரணம்தான். ஆனாலும் வெல்ல வேண்டிய ஆட்டத்தில் பழகுகிறவனை இறக்க எந்தப் பயிற்சியாளருக்கும் கை வராது என்பதையும் இதில் பார்க்கலாம். நம் பக்கம் குறுவட்டத்தில் தோற்றால் மாவட்டப் போட்டி கிடையாது. தலைமையாசிரியர் முன்னால் நிற்கும்போது எனக்கும் கை வராது.

நம் நாட்டு சத்னம் சிங்கை எல்லோருக்கும் தெரியும். பஞ்சாபில் ஒரு சின்னக் கிராமத்திலிருந்து போய், 2015 தேர்வில் 52ஆவதாக டல்லாஸ் அணி எடுத்தவர்; என்பிஏ தேர்வில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர். என்பிஏ ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. பழகுவதற்கென்று இருக்கும் கீழ்நிலை லீகில் டெக்சாஸ் அணிக்கு அனுப்பினார்கள், அங்கேயும் அவருக்குக் கிடைத்த நிமிடங்கள் கொஞ்சம்தான்.

இதற்கு வழி, பழகுகிறவர்களுக்கென்று தனி ஆட்டம் ஏற்பாடு செய்வது. பாம்பனிலோ உச்சிப்புளியிலோ ராமநாதபுரத்திலோ ஒரு அணியோடு மாதம் இரண்டு சனிக்கிழமை பேசி வையுங்கள். ஸ்கோர் போர்டு வேண்டாம். பெஞ்சில் உட்காருகிற ஏழு பேர்தான் அதில் முக்கால்வாசி நேரம் ஆட வேண்டும் என்று இரண்டு அணிகளும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள். பஸ் செலவைத் தவிர வேறு செலவில்லை. அதையும் ஏற்பாடு செய்ய முடியாவிட்டால் பையனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: ‘இந்த வருடம் உனக்கு ஆட்டத்துக்கு நாலு நிமிடம்தான். அந்த நாலு நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பழகுவோம்.’ பெரும்பாலான பையன்கள் இதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

உயரமானவனை ரிங்குக்கு அடியில் கட்டிப்போடாதீர்கள்

பதின்மூன்று வயதில் மீசை அரும்பி, மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக ஒருவன் வருவான். ‘நீ சென்டர்’ என்று சொல்லி ரிங்குக்குக் கீழே நிறுத்துவோம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் திட்டுவோம். சீக்கிரம் வளர்ந்தவன் சீக்கிரமே நின்றும்விடலாம். பதினேழில் அவன் ஐந்தடி எட்டங்குலம், கூட்டாளிகள் தாண்டிவிட்டார்கள், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடத் தெரியாது. நேர் எதிர் உதாரணம் என்பிஏ ஆட்டக்காரர் ஆந்தனி டேவிஸ். பள்ளியில் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் கார்டாக இருந்து, சுமார் இருபது சென்டிமீட்டர் மளமளவென வளர்ந்து ரிங்குக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆளாக மாறினார். கார்டாகப் பழகிய பந்துக் கட்டுப்பாடு கூடவே வந்தது. பதினைந்து வயது வரைக்கும் எல்லோரும் எல்லா இடத்திலும் ஆடட்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு 3.05 மீட்டர் ரிங்கும் ஏழாம் எண் பந்தும் ஒத்துவராது. பந்தை எட்ட வைக்க இடுப்பிலிருந்து தூக்கி வீசிப் பழகிவிடுவார்கள், பிறகு அது போகாது. ஐந்தாம் எண் பந்து வாங்குங்கள். ரிங்கை இறக்க முடியாவிட்டால் சுவரில் கரிக்கட்டியால் ஒரு வட்டம் போட்டாலும் போதும். பெண்பிள்ளைகளுக்கு ஆறாம் எண் பந்து. பையன்கள் ஆடி மிச்சமான ஏழாம் எண் பந்தையே அவர்களிடம் தள்ளிவிடுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. பயிற்சி நேரத்தையும் அவர்களிடம் கேட்டுத்தான் போட வேண்டும். இருட்டியபின் வீடு திரும்ப வேண்டியிருக்கும் நேரத்தைப் போட்டுவிட்டு ‘பெண்பிள்ளைகள் வருவதில்லை’ என்று சொல்வதில் பொருளில்லை.

காற்றைக் கழித்துவிட்டு அளவெடுங்கள்

பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். அந்தக் காற்றில்தான் நாம் மாலை ஐந்து மணிக்கு ஷூட்டிங் டெஸ்ட் வைக்கிறோம். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் உயரத் தூக்கி எறிந்த பந்து ரிங்கைவிட்டு ஒரு முழம் தள்ளி இறங்கும். பையன்கள் புத்திசாலிகள், காற்றுக்குப் பிடிகொடுக்காமல் தட்டையாக எறியப் பழகிவிடுவார்கள். உள்ளரங்கில் ஆடப் போனால் அந்தத் தட்டை எறிதல் ரிங்கின் முன்விளிம்பில் பட்டுப் பட்டுத் திரும்பும். அளவெடுப்பதைக் காற்று எழுவதற்கு முன், விடிகாலையில் வையுங்கள். காற்று நேரத்தில் லே-அப், பாஸ், டிஃபன்ஸ் பழகட்டும்.

அளவு எண்ணிக்கையிலும் ஏமாறாதீர்கள். பத்து ஃப்ரீ த்ரோவில் ஆறு போடுகிற பையன் ஒரு நாள் நாலு போடுவான், ஒரு நாள் எட்டு போடுவான். அவன் ஆட்டத்தில் எதுவும் மாறியிருக்காது. நாலு விழுந்த நாளில் திட்டத்தை மாற்றிவிடுவோம், எட்டு விழுந்த நாளில் தட்டிக்கொடுப்போம். இரண்டு வாரத்தில் நூறு எறிந்ததும் கூட்டிப் பாருங்கள், அதற்கு முன்னால் எந்த முடிவும் வேண்டாம்.

நோட்டு யார் கையில் இருக்கும்?

பி.டி. மாஸ்டருக்குப் பணியிட மாறுதல் வரும். உங்களுக்கே வேலை மதுரையிலோ துபாயிலோ கிடைக்கலாம். பன்னிரண்டு முடித்த பையன் கல்லூரிக்குப் போவான். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்பவன் என்றால் சான்றிதழ்களை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், கடைசி நேரத்தில் தேடி அலைந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். திட்டம் உங்கள் தலையில் மட்டும் இருந்தால் நீங்கள் போகிற பஸ்ஸிலேயே அதுவும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு பையனும் தன் பக்கத்தைத் தானே எழுதட்டும்: என்ன பழகுகிறேன், எங்கே வலித்தது, எத்தனை நிமிடம் ஆடினேன். மூன்று வரி போதும். நோட்டு அணியின் மூத்த பையன் ஒருவன் வீட்டில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை நீங்கள் வாங்கிப் படித்து, தேவையில்லாததை அடித்துவிடுங்கள்.

பென்சிலில் எழுதச் சொல்லுங்கள். இந்த உப்புக் காற்றில் பக்கங்கள் நமுத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பேனா மை ஊறிவிடும். பிளாஸ்டிக் உறை ஒன்றும் போட்டுவிடுங்கள்.